ஜெட்டு மாத்தறதுக்கு முன்னாடி: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்வில பாதிக்கு மேல கார்புரேட்டர் தான், அதாவது காத்தயும் பெட்ரோலயும் கலந்து இன்ஜினுக்கு குடுக்கற சாமான். அதுல பெட்ரோல் அளவ வெக்கற பித்தளை ஓட்டை தான் ஜெட்டு. மழை விட்டதும் எல்லாரும் ஷெட்டுல கிடந்த பழைய வண்டிய வெளிய இழுத்துட்டாங்க போல. அதனால இந்த தடவை முழுக்க ஏர் கூல்டு இன்ஜின், அதுவும் கை வெச்சு மாடிஃபை பண்ணது, அதோட கார்புரேட்டர், அவ்ளோ தான். டயர், பேட்டரி, செயின் ஸ்ப்ராக்கெட் கேட்டவங்க அடுத்த மாசம் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350 வெச்சிருக்கேன், விஎம்24 கார்புரேட்டர் (மிக்குனி டைப், 24 மில்லிமீட்டர்). கம்பெனி சைலன்சர எடுத்துட்டு ஷார்ட் பாட்டில் போட்டேன், ஃபில்டர் டப்பாவ கழட்டிட்டு கோன் ஃபில்டர் மாட்டினேன். இப்ப ஆக்சிலேட்டர விட்டா சைலன்சர்ல பட்பட்னு வெடிக்குது. பாண்டி ரோட்டுல 70ல புடிச்சு போனா சூடு தாங்கல, தவளக்குப்பம் வர்றதுக்குள்ள கால் வெந்துடுது. மெக்கானிக் பெரிய மெயின் ஜெட் போடணும்ன்றாரு. எந்த நம்பர் போடலாம்?
வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

நம்பர் அப்புறம் சார். நீங்க சொல்ற ரெண்டு கம்ப்ளைன்ட்டும் ஆக்சிலேட்டர் எவ்ளோ திறந்திருக்கும்போது வருதுனு பாருங்க. வெடிக்கறது மூடினப்ப. சூடு ஏறறது 70ல, அதாவது பாதியோ அதுக்கும் கீழயோ திறந்திருக்கும்போது. மெயின் ஜெட்டு முக்கால்வாசிக்கு மேல திறந்தா தான் முழுசா வேலைக்கு வரும். மூடின நிலையிலிருந்து ஒரு எட்டுல ஒரு பங்கு வரைக்கும் ஸ்லோவுக்குனு இருக்கற சின்ன பைலட் ஜெட்டும் அதோட கலவைய மாத்தற ஏர் ஸ்க்ரூவும் தான் ராஜா. அதுக்கு மேல கால்வாசி வரைக்கும் ஸ்லைடோட (ஆக்சிலேட்டர திருகினா மேல ஏறற கதவு) அடியில வெட்டியிருக்கற கட்அவே. காலிலேர்ந்து முக்கால் வரைக்கும் ஸ்லைடுல தொங்கற ஊசி, அதாவது நீடில். ஒண்ணுக்கொண்ணு கொஞ்சம் மேல ஏறி வரும், கத்தி வெச்சு வெட்டின மாதிரி பிரியாது, ஆனா கணக்கு இது தான். நம்ம ஆளுங்க ஓட்டற ஓட்டுல நீடில் தான் முக்காவாசி நேரம் வேலை செய்யுது, அதை யாரும் தொட்டு பாக்கறதே இல்ல, எல்லாரும் மெயின் ஜெட்டு நம்பர தான் கேக்கறாங்க.

ஒரு வேலை பண்ணுங்க. கிரிப் மேல வெள்ளை இன்சுலேஷன் டேப்ப ஒரு சுத்து சுத்துங்க, பக்கத்துல ஸ்விட்ச் பாக்ஸ் மேல ஒரு துண்டு ஒட்டுங்க. ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போது ரெண்டுத்துக்கும் நேரா ஸ்கெட்ச் பேனாவால ஒரு கோடு, அப்புறம் கிரிப்ப ஃபுல்லா திருகி ஸ்விட்ச் பாக்ஸ் கோட்டுக்கு நேரா கிரிப்ல இன்னொரு கோடு, நடுவுல கால், அரை, முக்கா. காலையில 5 மணிக்கு ரோடு காலியா இருக்கும்போது போய், எந்த கோட்டுல மிஸ்ஸிங் வருது, எந்த கோட்டுல இழுக்க மாட்டேங்குதுனு பாத்துட்டு வாங்க. மெக்கானிக்கிட்ட "வண்டி சரியில்ல"னு சொல்றத விட "கால்லேர்ந்து பாதி வரைக்கும் லீனா இருக்கு"னு (காத்துக்கு ஏத்த பெட்ரோல் வரலனு) சொன்னா அவருக்கும் வேலை மிச்சம், உங்களுக்கும் காசு மிச்சம்.

இப்ப ஏன் லீன் ஆச்சுனு பாப்போம். கம்பெனி ஃபில்டர் டப்பா காத்த கொஞ்சம் தடுக்கும். அந்த தடுப்பு இருக்கறதால கார்புரேட்டர் வாயில வேக்கம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும், அது பெட்ரோல இழுக்கும். அந்த அளவுக்கு தான் கம்பெனில ஜெட்டு போட்டிருக்கான். நீங்க டப்பாவ எடுத்துட்டீங்க, காத்து ஃப்ரீயா வருது, வேக்கம் குறைஞ்சுடுச்சு, பெட்ரோல் இழுக்கறது குறைஞ்சுடுச்சு. பின்னாடி சைலன்சரயும் ஃப்ரீ பண்ணிட்டீங்க. காத்து கூட, பெட்ரோல் கம்மி, அவ்ளோ தான் விஷயம். லீன் கலவை சிலிண்டருக்குள்ள சரியா பத்தாம சைலன்சருக்கு போய், அங்க இருக்கற சூட்டுல பத்திக்குது, அது தான் அந்த பட்பட்.

ஆனா அதே பட்பட் சைலன்சர் பெண்டு பைப் ஹெட்டுல சேர்ற இடத்துல லீக் இருந்தாலும் வரும், வெளிக்காத்து உள்ள போய் பத்த வெக்கும். கோன் ஃபில்டர் மாட்டறப்ப கார்புரேட்டர ஆட்டிருப்பாங்க, ஹெட்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவுல இருக்கற ரப்பர், பேக்கிங், கிளாம்ப் எதாவது லூசாயிருந்தாலும் லீன் தான். வண்டிய நிறுத்தி இன்ஜின ஸ்லோல (ஐட்லிங்ல) ஓட விட்டு அந்த ஜாயின்ட்ல கார்ப் கிளீனர் ஸ்ப்ரேவ லேசா அடிச்சு பாருங்க, ஸ்பீடு மாறினா அங்க ஓட்டை இருக்குனு அர்த்தம். இன்ஜின் நல்லா ஆறியிருக்கும்போது பண்ணுங்க, சூடான சைலன்சர் மேல ஸ்ப்ரே பட்டா தீ புடிக்கும். ஓட்டைய வெச்சுக்கிட்டு ஜெட்டு மாத்தினா மாத்திக்கிட்டே இருக்க வேண்டியது தான். அதோட பாயின்ட் வண்டியா இருந்தா சிபி பாயின்ட் (ஸ்பார்க் வர வெக்கற கான்டாக்ட் பிரேக்கர்) கேப் 0.35லேர்ந்து 0.40 மில்லிமீட்டருக்குள்ள இருக்கானு பாருங்க, டைமிங் பாருங்க. டாப்பட் (வால்வு கேப்) ஆறின இன்ஜின்ல புஷ் ராட் விரலால சுலபமா சுத்தணும், மேல கீழ ஆடக்கூடாது. பாதி "கார்புரேட்டர் கம்ப்ளைன்ட்டு" இங்கயே தீந்துடும்.

இதெல்லாம் சரின்னா, இப்ப ஜெட்டு. இந்த வண்டிக்கு கம்பெனில பெரும்பாலும் 90 மெயின், 25 பைலட் இருக்கும், கழட்டி மேல இருக்கற நம்பர பாத்துக்கோங்க, ஏற்கனவே யாராவது மாத்தியிருக்கலாம். மெயின்ல ஒரு சைஸ் ஏத்துங்க, அந்த வகையில உங்க மெக்கானிக் சொல்றது தப்பு இல்ல. ஆனா உங்க சூட்டுக்கு மருந்து நீடில்ல இருக்கு. நீடில் தலையில அஞ்சு காடி (வெட்டு) இருக்கும், கிளிப்ப ஒரு காடி கீழ இறக்கினா நீடில் மேல ஏறும், பெட்ரோல் கூட போகும். ஒரு காடி தான், ரெண்டு இல்ல. ஓட்டி பாருங்க. அப்புறமும் மூடினா வெடிச்சா பைலட்ட ஒரு சைஸ் ஏத்துங்க. மூணையும் ஒரே நாள்ல மாத்திட்டு வந்து "இப்ப வேற மாதிரி மோசமா இருக்கு"னு எழுதாதீங்க, எது பண்ணின வேலைனு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

பிளக்க வெச்சு பாக்கறது எப்படின்னு நிறைய பேர் கேக்கறாங்க. ஸ்லோல ரெண்டு நிமிஷம் ஓட விட்டு கழட்டி பாத்தா ஸ்லோ கலவை தான் தெரியும். பாக்க வேண்டிய அளவுல கொஞ்ச தூரம் ஒரே சீரா ஓட்டி, கிளட்ச்ச புடிச்சுக்கிட்டே கில் பண்ணி, உருட்டிக்கிட்டு ஓரம் கட்டி கழட்டணும். பீங்கான் மேரி பிஸ்கட் கலர்ல இருந்தா சரி, வெள்ளை வெளேர்னு இருந்தா லீன், கரி புடிச்சு கருப்பா இருந்தா ரிச், அதாவது பெட்ரோல் ஜாஸ்தி. ஒண்ணு சொல்லிடறேன், 2000க்கு அப்புறம் நம்மூர்ல ஈயம் போட்ட பெட்ரோல் இல்ல, இப்ப வர்ற பெட்ரோல்ல அந்த காலத்து கலர் அவ்ளோ அழுத்தமா விழாது. புது பிளக்கு போட்டு, பீங்கானோட அடிப்பக்கம் உள்ள ஒடுங்கற இடத்துல விழற வளையத்த டார்ச் அடிச்சு பாக்கணும். நுனிய மட்டும் பாத்து தீர்ப்பு சொல்லாதீங்க.

ஷார்ட் பாட்டில் பத்தி போலீஸ் கேட்டா என் பேர சொல்லாதீங்க, அது உங்க பாடு.

ஏர் ஸ்க்ரூவ வெளிய திருகினா பெட்ரோல் கூடுமா குறையுமா? எங்க ஏரியா மெக்கானிக் கூடும்ன்றாரு, வீடியோல குறையும்ன்றாங்க. மண்டை காயுது.
வாசகர், வில்லியனூர்

ரெண்டு பேரும் சரி தம்பி. வேற வேற கார்புரேட்டர பத்தி பேசறாங்க. ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்குனு பாருங்க. ஃபில்டர் பக்கமா இருந்தா அது காத்த விடற ஸ்க்ரூ, வெளிய திருகினா காத்து கூடும், லீன் ஆகும். பழைய புல்லட், யமஹா ஆர்எக்ஸ், இதுல எல்லாம் இருக்கற விஎம் டைப் இது தான். இன்ஜின் பக்கமா இருந்தா அது பெட்ரோல் கலந்த காத்த விடற ஸ்க்ரூ, வெளிய திருகினா ரிச் ஆகும். பின்னாடி வந்த வண்டில வேக்கம் ஸ்லைடு உள்ள சிவி கார்புரேட்டர்ல இப்படி.

வைக்கற முறை ரெண்டுக்கும் ஒண்ணு தான். இன்ஜின் நல்லா சூடாகட்டும், மெதுவா உள்ள தொடற வரைக்கும் திருகுங்க, முறுக்காதீங்க, நுனி உடைஞ்சு உள்ள சிக்கிக்கிச்சுனா கார்புரேட்டர் பாடி போச்சு. அங்கேருந்து ஒன்றரை சுத்து வெளிய. அப்புறம் கால் கால் சுத்தா திருகி எங்க ஸ்பீடு உச்சத்துக்கு வருதோ அங்க நிறுத்தி, ஸ்லோ ஸ்க்ரூவால ஸ்பீட குறைங்க, திரும்ப ஒரு தடவை ஏர் ஸ்க்ரூவ பாருங்க. விஎம் கார்புரேட்டர்ல அந்த உச்சம் அரை சுத்துக்குள்ளயே வந்துட்டா பைலட் ஜெட்டு சின்னது, மூணு சுத்த தாண்டியும் ஸ்பீடு ஏறிக்கிட்டே இருந்தா பைலட் பெருசு. ஸ்க்ரூ நமக்கு சொல்ற செய்தி அது தான்.

அப்பாவோட ஆர்எக்ஸ்100. அவர் ஓட்டறதில்ல, நான் தான் காலேஜுக்கு எடுத்துட்டு போறேன். போர்டிங் (சிலிண்டர்ல இருக்கற போர்ட் வழிய ராவி மாத்தறது) பண்ணி, ஆன்லைன்ல வாங்கின 28 மில்லிமீட்டர் பிடபிள்யூகே (கெய்ஹின் மாடல்) கார்புரேட்டர் போட்டோம். கீழ பிக்கப்பே இல்ல, இழுத்துக்கிட்டு போய் திடீர்னு தூக்குது. மைலேஜ் 20 கூட வரல. ஆயில் பம்ப்ப கழட்டிடலாம்னு சொல்றாங்க, கழட்டலாமா?
வாசகி, நெல்லிக்குப்பம்

மொதல்ல கணக்க பாருமா. உங்க வண்டிக்கு கம்பெனி குடுத்தது 20 மில்லிமீட்டர் மிக்குனி. இப்ப போட்டிருக்கறது 28. விட்டத்துல 8 மில்லி தான் கூட, ஆனா ஓட்டையோட பரப்பளவு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. இன்ஜின் அதே 98 சிசி, 50க்கு 50 போர் ஸ்ட்ரோக். போர்டிங் பண்ணாலும் கீழ் ஆர்பிஎம்ல அது உறிஞ்சற காத்து ஒண்ணும் டபுள் ஆகிடாது. அதே காத்து ரெண்டு மடங்கு அகலமான வழில போனா வேகம் செத்துடும், வேகம் இல்லன்னா ஜெட்டுலேர்ந்து பெட்ரோல் ஒழுங்கா தூளாகி வராது, திப்பி திப்பியா வரும். அது தான் கீழ இழுவை, மேல ஆர்பிஎம் வந்ததும் தூக்கறது. பைலட், நீடில்னு விளையாடி கொஞ்சம் சரி பண்ணலாம், ஆனா காலேஜுக்கு போய் வர்ற வண்டிக்கு 24 போதும். என்னைய கேட்டா பழைய 20ஐயே போட்டு மெயின் ஜெட்ட ஏத்தி பாக்க சொல்லுவேன், நல்ல போர்டிங்னா அதுலயே வித்தியாசம் தெரியும்.

அப்புறம் அந்த ஆன்லைன் கார்புரேட்டர். பேர் கெய்ஹின் மாதிரி இருக்கும், உள்ள இருக்கற ஜெட்டுல 110னு போட்டிருக்கும், அது எந்த 110னு யாருக்கும் தெரியாது. கெய்ஹின் நம்பர் ஓட்டையோட விட்டத்த சொல்லும், மிக்குனியோட அறுகோண மெயின் ஜெட்டு நிமிஷத்துக்கு எவ்ளோ பெட்ரோல் போகும்ன்றத சொல்லும். ஒண்ணோட 110 இன்னொண்ணோட 110 இல்ல. டூப்ளிகேட்டுல ரெண்டும் இல்ல. அதனால ஃப்ரெண்டு வண்டில 110 நல்லா ஓடுதுன்னு அதே நம்பர வாங்கி போட்டு ஏமாறாதீங்க.

டூ ஸ்ட்ரோக்ல இது ஏன் முக்கியம்னா, ஃபோர் ஸ்ட்ரோக்ல லீன்னா சூடு, வெடி, நாளாக நாளாக வால்வு போகும். டூ ஸ்ட்ரோக்ல ஃபுல் ஆக்சிலேட்டர்ல லீன்னா பிஸ்டன் சீஸ் (சிலிண்டருக்குள்ள இறுகிக்கும்), பின் சக்கரம் லாக். அதனால மெயின் ஜெட்ட எப்பவும் பெருசுலேர்ந்து ஆரம்பிச்சு கீழ வாங்க. ஃபுல்ல திறந்தா கரகரன்னு அடைச்சுக்கிட்டு ஓடணும், புகை வரணும், அங்கேருந்து ஒவ்வொரு சைஸா குறைச்சு, அடைப்பு விட்டு சுத்தமா இழுக்க ஆரம்பிக்கற இடத்துல நிறுத்தி, அதுக்கு ஒரு சைஸ் மேல வெச்சுக்கோங்க. பெண்ணையாத்து பாலத்துல ஃபுல்ல புடிச்சுட்டு பட்டுனு மூடற பழக்கம் இருந்தா விடுங்க, ஆர்பிஎம் மேல இருக்கு, பெட்ரோல் நின்னு போச்சு, உள்ள குளிர்ச்சியும் இல்ல எண்ணெயும் கம்மி.

ஆயில் பம்ப்ப கழட்டாதீங்க. அது ஆர்பிஎம்முக்கும் ஆக்சிலேட்டருக்கும் ஏத்த மாதிரி எண்ணெய் குடுக்குது, அதை விட கரெக்டா நாம பாட்டில் மூடில ஊத்த போறதில்ல. ஆனா ஒரு சமாச்சாரம், புது கார்புரேட்டர்ல ஸ்லைடு தூக்கற தூரம் வேற, கேபிள் நீளம் வேற, பம்ப் புல்லில (கேபிள் இழுக்கற சக்கரம்) இருக்கற மார்க் இப்ப ஒத்து போகாது. ஆக்சிலேட்டர் கேபிள மாத்தினா பம்ப் கேபிளயும் அட்ஜஸ்ட் பண்ணி மார்க்க சேர்த்தே ஆகணும், இதை விட்டுட்டு தான் நிறைய பேர் புதுசா போரிங் பண்ண பிஸ்டன காலி பண்றாங்க. ஏற்கனவே யாராவது பம்ப்ப எடுத்துட்டாங்கன்னா லிட்டருக்கு 25லேர்ந்து 30 மில்லி நல்ல 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் கலந்து ஊத்துங்க. "கூட ஊத்தினா சேஃப்டி"னு 60, 70 ஊத்தறவங்களுக்கு: எண்ணெய் கூடினா அதே ஜெட்டு வழியா போற பெட்ரோல் குறையும், வண்டி இன்னும் லீன் ஆகும்.

பாண்டில பெட்ரோல் விலை கம்மின்னு அங்க போய் ஊத்திட்டு வர்றோம். அந்த பெட்ரோல்ல தான் பழைய வண்டி சரியா ஓடலன்றாங்களே, உண்மையா?
வாசகர், ரெட்டிச்சாவடி

விலை கம்மி வரில தான், சரக்குல இல்ல. எல்லைல இருக்கற முள்ளோடைக்கு அந்தப் பக்கம் ஊத்தினாலும் இந்தப் பக்கம் ஊத்தினாலும் எத்தனால் இருக்கு. 2023லேர்ந்து நாடு பூரா ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வர ஆரம்பிச்சு இப்ப எல்லா பங்க்லயும் அது தான். சுத்த பெட்ரோல் எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காத்து வேணும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். அதாவது எத்தனால் கலந்த பெட்ரோல் அதே காத்துக்கு கொஞ்சம் கூட ஊத்தணும். இன்ஜெக்‌ஷன் வண்டில சென்சார் பாத்து கூட ஊத்திக்கும், உங்க கார்புரேட்டருக்கு மூளை இல்ல, ஜெட்டோட ஓட்டை எவ்ளோவோ அவ்ளோ தான். அதனால 80ல, 90ல வந்த வண்டி ஒண்ணுமே பண்ணாமலே இப்ப கொஞ்சம் லீனா ஓடுது. மேல புல்லட்டுக்கு சொன்ன மாதிரி நீடில் ஒரு காடி, தேவைப்பட்டா மெயின் ஒரு சைஸ்.

அதை விட பெரிய தலைவலி ரப்பரு. பழைய ஓ ரிங், ஃப்ளோட் (மிதவை) ஊசி நுனி, பெட்ரோல் டியூப் எல்லாம் ஊறி உப்பிடும் இல்ல வெடிச்சிடும். எத்தனால் ஈரத்த வேற இழுக்கும், நம்ம கடலோர காத்துக்கு சொல்லவே வேணாம். ரெண்டு மூணு வாரம் வண்டிய எடுக்க மாட்டீங்கன்னா பெட்ரோல் டேப்ப ஆஃப் பண்ணிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்துக்கு அடியில இருக்கற டிரெய்ன் ஸ்க்ரூவ திறந்து காலி பண்ணிடுங்க.

ஆர்டி350, எல்டி (லோ டார்க்) மாடல். எக்ஸ்பேன்ஷன் சேம்பர் (டூ ஸ்ட்ரோக் சைலன்சர்), ஃபில்டர் மாத்தியாச்சு. ரெண்டு பக்கமும் ஒரே ஜெட்டு தான், ஆனா இடது பக்கம் பிளக்கு வெள்ளையா இருக்கு, வலது பக்கம் கருப்பா இருக்கு. ஸ்லோ நிக்க மாட்டேங்குது.
வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

கொடுத்து வெச்ச ஆளு நீங்க. 27 குதிரை எல்டியோ 30.5 எச்டியோ (ஹை டார்க்), இந்த வண்டிக்கு ரெண்டு கார்புரேட்டரும் ஒரே மூச்சுல திறக்கணும், இல்லன்னா ஒரு சிலிண்டர் இழுக்கும், இன்னொண்ணு இழுபடும்.

ஃபில்டர கழட்டிட்டு ரெண்டு கார்புரேட்டர் வாயும் தெரியற மாதிரி உக்காருங்க, ஒரு கண்ணாடி துண்டு இருந்தா நல்லது, குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போகாது. ரெண்டு ஸ்லோ ஸ்க்ரூவயும் முழுசா வெளிய எடுங்க, ஸ்லைடு ரெண்டும் அடி வரைக்கும் இறங்கட்டும். ஒரே சைஸ்ல ரெண்டு டிரில் பிட் எடுங்க, 2 மில்லியோ 3 மில்லியோ, அதோட வழவழன்னு இருக்கற பின்பக்கத்த ஆளுக்கு ஒண்ணா ரெண்டு ஸ்லைடுக்கு அடியிலயும் சொருகுங்க. ஸ்லைடு அதை புடிச்சுக்கிட்டு இருக்கும். இப்ப ஒருத்தர ஆக்சிலேட்டர எறும்பு ஊர்ற வேகத்துல திறக்க சொல்லுங்க. ரெண்டு பிட்டும் ஒரே நேரத்துல தலைய தொங்க போடணும். ஒண்ணு முன்னாடி விழுந்தா அந்த பக்க கேபிள் டைட்டா இருக்கு, மேல இருக்கற அட்ஜஸ்டர திருகி சரி பண்ணுங்க. ஹேண்டில் பார திருப்பியும் ஒரு தடவை பாருங்க. அது முடிஞ்சா ரெண்டு ஸ்லோ ஸ்க்ரூவும் ஒரே அளவு சுத்து உள்ள, ஏர் ஸ்க்ரூ ரெண்டும் ஒரே அளவு, ஸ்டார்ட் பண்ணி ரெண்டு சைலன்சர் பின்னாடியும் உள்ளங்கைய காட்டி பாருங்க, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி அடிக்கணும். கடைசியா ஆயில் பம்ப் மார்க்கு, மறந்துடாதீங்க, அதே கேபிள்லேர்ந்து தான் அதுவும் பிரியுது.

இவ்ளோ பண்ணியும் இடது பக்கம் வெள்ளையாவே இருந்தா கார்புரேட்டர விட்டுட்டு கிராங்க் ஆயில் சீல பாருங்க. ஜெனரேட்டர் பக்க சீல் போனா வெளிக்காத்து உள்ள வரும், அந்த சிலிண்டர் லீன். கிளட்ச் பக்க சீல் போனா கியர் ஆயில உறிஞ்சும், அந்த பக்க பிளக்கு கருப்பு, சைலன்சர்ல புகை, கியர் பாக்ஸ்ல ஆயில் காணாம போகும். நீங்க சொல்ற இடது வெள்ளை, வலது கருப்புக்கு எனக்கு ரெண்டு சீல் மேலயும் சந்தேகம் இருக்கு. பிரஷர் டெஸ்ட் பண்ணாம இன்ஜின பிரிக்காதீங்க.

பழைய பீட்டில் கார், 1600 இன்ஜின், ரெண்டு பக்கமும் வெபர் 40 ஐடிஎஃப் கார்புரேட்டர். காலையில ஸ்லோ அழகா நிக்குது, பீச் ரோடு வரைக்கும் போய் வந்தா கண்டபடி ஆகிடுது. நடுவுல ஒரு சிலிண்டர் செத்து செத்து உயிர் வருது.
வாசகர், குயிலாப்பாளையம்

கேள்வில ரெண்டு கம்ப்ளைன்ட் இருக்கு சார். சூடானா ஸ்லோ மாறறது லிங்கேஜ், அதாவது ரெண்டு கார்புரேட்டரயும் சேத்து திறக்கற ராடு. இந்த ஏர் கூல்டு இன்ஜின் சூடு ஏறினா அகலத்துல விரியும், ரெண்டு கார்புரேட்டருக்கும் நடுவுல தூரம் கூடும், குறுக்க போற ராடு அதே நீளம், ஒரு பக்கம் இழுத்து திறந்துடும். அதனால ஆறின இன்ஜின்ல சிங்க் (ரெண்டும் சமமா) வெச்சது சூட்டுல நிக்காது. நல்லா ஓட்டிட்டு வந்து சூட்டோட லிங்கேஜ ஒரு பக்கம் கழட்டிட்டு, ரெண்டு கார்புரேட்டரோட காத்தயும் தனித்தனியா சமமா வைங்க, அப்புறம் ராட இழுக்காம தள்ளாம சும்மா உக்கார்ற மாதிரி மாட்டுங்க. ஏர் ஃப்ளோ மீட்டர் இல்லன்னா ஒரு ரப்பர் டியூப்போட ஒரு முனைய காதுலயும் இன்னொரு முனைய ஒவ்வொரு வாயிலயும் வெச்சு உஸ்ஸுனு வர்ற சத்தத்த ஒப்பிட்டு பாக்கலாம், நல்லாவே வேலை செய்யும்.

சிலிண்டர் செத்து பொழைக்கறது ஐடில் ஜெட்டு. ஐடிஎஃப்ல டவுனுக்குள்ள ஓட்டற வரைக்கும், கிட்டத்தட்ட 3000 ஆர்பிஎம் வரைக்கும், ஐடில் ஜெட்டும் ப்ரோக்ரெஷன் ஓட்டைங்களும் (ஸ்லோலேர்ந்து மெயினுக்கு மாறற வரைக்கும் பெட்ரோல் விடற பொடி ஓட்டைங்க) தான் வேலை பாக்குது. பொடி தூசி ஒண்ணு மாட்டினா போதும். வெளியேருந்தே கழட்டி ஊதிடலாம், ரெண்டு நிமிஷ வேலை. நல்ல பெட்ரோல் ஃபில்டர் போடுங்க. இன்னொண்ணு, உங்க டிஸ்ட்ரிபியூட்டர் வேக்கத்துல மட்டும் அட்வான்ஸ் ஆகற பழைய வகையா இருந்தா ட்வின் கார்புரேட்டரோட ஒத்து வராது, வெயிட்டு வெச்ச சென்ட்ரிஃப்யூகல் வகை வேணும். அது இல்லாம ஜெட்டு மாத்தி மாத்தி பாத்து பிரயோஜனம் இல்ல.

புல்லட்ல ஏற்காடு போனோம். மேல போனதும் கருப்பு புகை, ஸ்லோல அடைச்சுக்குது. கீழ வந்ததும் சரியாயிடுச்சு. என்ன கோளாறு?
வாசகர், பண்ருட்டி

ஒரு கோளாறும் இல்ல. கடல் மட்டத்துக்கு வெச்ச டியூனிங், அங்க 1500 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு சுமார் 10 சதவீதம் காத்து லேசாகும், பெட்ரோல் அந்தளவுக்கு குறையாது, அதனால ரிச். ரெண்டு நாள் ட்ரிப்புன்னா ஏர் ஸ்க்ரூவ அரை சுத்து வெளிய விட்டு சமாளிங்க, தங்கறதா இருந்தா நீடில் கிளிப்ப ஒரு காடி மேல ஏத்துங்க. கீழ இறங்கினதும் மறக்காம பழையபடி வைங்க, மலைக்கு வெச்சத சமவெளில ஃபுல் ஸ்பீடுல ஓட்டினா வெந்துடும்.

2024 ஃபெஞ்சல் புயல்ல ஷெட்டுல தண்ணி ஏறி அப்பாவோட பழைய ஸ்கூட்டர் முழுகிடுச்சு. இவ்ளோ நாள் அப்படியே விட்டுட்டோம். கார்புரேட்டர பிரிச்சா உள்ள வெள்ளையா பொடி, பச்சையா பாசி மாதிரி. தூக்கி போடணுமா?
வாசகர், பாகூர்

வேணாம், ஒரிஜினல் பாடி இப்ப கிடைக்கறது கஷ்டம். வெள்ளை அலுமினியம் அரிச்சது, பச்சை பித்தளை. ஃப்ளோட், ரப்பர் எல்லாம் கழட்டி தனியா வெச்சுட்டு, பாடியயும் ஜெட்டயும் கார்ப் கிளீனர்ல ஊற போட்டு, கம்ப்ரசர் காத்துல ஒவ்வொரு ஓட்டையா ஊதி, ஸ்ப்ரே அடிச்சா அந்த பக்கம் வருதானு பாருங்க. பைலட் ஜெட்டு அடைச்சிருந்தா பிரேக் கேபிள் கம்பியயோ ஊசியயோ விட்டு குடையாதீங்க, பித்தளை மெத்துனு இருக்கும், ஓட்டை பெருசாகிட்டா 38 போட்ட ஜெட்டு 38ஆ இருக்காது, அப்புறம் எந்த டியூனிங்கும் நிக்காது. கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) துறைமுகம் பக்கம் மீன்பிடி சாமான் கடைல மெல்லிசா நைலான் தூண்டில் நரம்பு கிடைக்கும், ஒரு முழம் வாங்கி அதை விட்டு இழுங்க, ஓட்டை கெடாது. ஃப்ளோட்ட சுடுதண்ணில அமுக்கி பாருங்க, குமிழி விட்டா ஓட்டை.

கார்புரேட்டர் சுத்தமாச்சேன்னு உடனே கிக்கர மிதிக்காதீங்க. டேங்க்க காலி பண்ணி துரு பாருங்க, பிளக்க கழட்டிட்டு சிலிண்டர்ல கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊற விடுங்க, மறுநாள் கையால மெதுவா சுத்தி பாருங்க. சுத்தலன்னா நிறுத்திடுங்க, அது இன்ஜின் வேலை, அடுத்த மாசம் எழுதுங்க.